சேசிஸைத் தட்டிப் பார்த்துவிட்டு பம்பருக்கு வாருங்கள்

வாசகர் கேள்வி:

அண்ணே, வணக்கம். எனக்கு ஊர் தங்கச்சிமடம். அப்பா வைத்திருந்த 1994 மாடல் மகிந்திரா எம்.எம். 540 ஃபோர் வீல் ஜீப் இப்போது என் கையில் இருக்கிறது. 2017-இல் அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை திறக்கும் வரை தனுஷ்கோடிக் கரையிலிருந்து மீன் ஏற்றி வந்த வண்டி. நான் இன்றைக்கும் மணலில் இறக்கி ஃபைபர் வள்ளம் இழுக்கிறேன். பின் பம்பர் துருப்பிடித்துப் போய், போன மாதம் கையோடு வந்துவிட்டது. கனமாகப் புதிதாக ஒன்று செய்யலாம் என்றிருக்கிறேன். 8 மி.மீ. தகடு, நடுவில் இழுக்கும் கொக்கி, ஒரு பக்கம் ஸ்டெப்னி மாட்டத் திறந்து மூடும் கை, மறுபக்கம் அவுட்போர்டு எஞ்சினுக்கு எரிபொருள் கேன் இரண்டு, ஒவ்வொன்றும் 20 லிட்டர். பட்டறைக்காரர் சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) நேராகப் பற்றவைத்துவிடலாம், ஆயுசுக்கும் அசையாது என்கிறார். காயலாங்கடையில் பாக்ஸ் பைப் மலிவாகக் கிடைக்கிறது. மைத்துனர் எஸ்.எஸ்.ஸில் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) செய்தால் துருவே வராது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? ஆர்.டி.ஓ. ஆபீஸில் சிக்கல் வருமா? வண்டியின் வீல்பேஸ் 2.3 மீட்டர். பம்பர் வரும் இடம் பின் ஆக்சிலிலிருந்து 90 செ.மீ. தள்ளி இருக்கிறது.

பதில்:

தம்பி, அளவெல்லாம் எழுதியிருப்பதால் கணக்குப் போட்டே பதில் சொல்ல முடிகிறது. ஆனால் பம்பரைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. பழைய பம்பர் கையோடு வந்துவிட்டது என்கிறீர்கள். அது எதோடு வந்தது? பம்பரின் தகடு மட்டும் கிழிந்து வந்ததா, போல்ட் இற்றுப்போய் வந்ததா, இல்லை சேசிஸின் நுனியிலிருந்து ஒரு துண்டையும் சேர்த்துக்கொண்டு வந்ததா? மூன்றும் வேறு வேறு சங்கதி. மூன்றாவதாக இருந்தால் நீங்கள் செய்ய வேண்டிய வேலையே வேறு.

உங்கள் அப்பாவின் வண்டி 2017 வரைக்கும் எங்கே ஓடியது என்று நினைத்துப் பாருங்கள். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் பாதை கிடையாது. ஒரு பக்கம் ஆண்கடல், மறுபக்கம் பெண்கடல், நடுவே ஈர மணலிலும் தேங்கிய உப்புத் தண்ணீரிலும்தான் ஜீப்புகள் போய்வந்தன. அந்தத் தண்ணீர் வெளியே காய்ந்துவிட்டது. சேசிஸின் உள்பக்கத்தில் மணலோடு சேர்ந்து அடையாகப் படிந்து உட்கார்ந்திருக்கும். வாடைக்காலத்தில் காற்றில் ஈரம் ஏறினால் அந்த உப்பு அதை உறிஞ்சி மறுபடி ஈரமாகும். வண்டி வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதும் உள்ளே அரிப்பு நடந்துகொண்டேதான் இருக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசைலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அந்தக் காற்றுக்குப் பக்கத்தில்தான் நம் வண்டி சாதாரண கறுப்பு பெயின்டோடு நிற்கிறது.

ஆகவே முதல் வேலை சுத்தியல். பின் சக்கரத்துக்குப் பின்னால் சேசிஸின் கடைசி இரண்டடியையும், பின் குறுக்குச் சட்டத்தையும், ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட்டையும் வயர் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். அடியில் கெட்டியான கறுப்புப் பூச்சு பூசியிருந்தால் அதையும் சுரண்டி எடுங்கள். எத்தனையோ வண்டியில் அந்தப் பூச்சுதான் ஓட்டையை மூடிக்கொண்டு நிற்கிறது. பிறகு சின்னச் சுத்தியலால் ஓர் அங்குலத்துக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், சுத்தியல் கையில் துள்ளும். இற்றுப்போன இடத்தில் சத்தம் தொப்பென்று அமுங்கும், தட்டிய இடத்திலிருந்து துரு செதில் செதிலாக உதிரும். அங்கே பழைய ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அது சேசிஸ் இல்லை, சேசிஸ் இருந்த இடம்.

இறங்கவில்லை, ஆனாலும் சந்தேகமாக இருக்கிறது என்றால், எப்படியும் பம்பர் போல்ட்டுக்கு ஓட்டை போடப்போகிற இடத்தில் 6 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டு வெர்னியரால் கனத்தை அளந்து பாருங்கள். அதே சேசிஸில் வண்டியின் நடுப்பகுதியில், காய்ந்து நல்லபடியாக இருக்கும் ஓரிடத்தையும் அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தால் பம்பரை மறந்துவிட்டு சேசிஸுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். அந்த வைத்தியமும் துருவின் மேலேயே ஒரு தகட்டை வைத்து ஒட்டுவதில்லை. நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத்துண்டு வைத்து, அதற்கு மேல் வலுவுக்கு வைக்கும் தகட்டின் இரு நுனியையும் சாய்வாக வெட்டிப் பற்றவைக்க வேண்டும். நுனியை நேராக வெட்டி மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் வெல்டிங் தையல் போட்டால் அந்தக் கோட்டை ஒட்டித்தான் சேசிஸ் பிளக்கும்.

உங்கள் பட்டறைக்காரர் சொன்ன நேர் வெல்டிங்கை நான் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கும் இதுவே பாதிக் காரணம். சேசிஸ் ஓடும்போது கொஞ்சம் முறுக்கிக் கொடுக்க வேண்டிய பொருள். பற்றவைத்த இடத்தில் சூடு ஏறி இறங்கியதால் இரும்பின் குணம் மாறியிருக்கும். அங்கேயே இழுப்பும் விழுந்தால் விரிசல் அங்கிருந்து கிளம்பும். மீதிப் பாதி உப்பு. பற்றவைத்த பம்பரைக் கழற்ற முடியாது. கழற்ற முடியாவிட்டால் அதற்கும் சேசிஸுக்கும் நடுவே இருக்கும் இடுக்கைக் கழுவவோ பெயின்ட் அடிக்கவோ வழியில்லை. இந்தக் கரையில் எந்த இரும்பையும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது கழற்றிப் பார்க்க முடிய வேண்டும். ஆயுசுக்கும் அசையாது என்பது இங்கே நல்ல வார்த்தை இல்லை தம்பி.

காயலாங்கடை பாக்ஸ் பைப்பைப் பற்றி என் பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துக்கு ஓடிய ஒரு ஜீப்புக்கு நான்தான் பாக்ஸ் பைப்பில் பின் பம்பர் செய்து கொடுத்தேன். இரண்டு முனையையும் மூடித்தான் பற்றவைத்தேன். நாலு வருஷம் கழித்து வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்த அந்தப் பம்பர், லேசாகப் பின்னால் இடித்ததற்கே அப்பளமாக நொறுங்கியது. கிரைண்டர் வைத்து நீளவாக்கில் பிளந்தேன். உள்ளேயிருந்து பழுப்புத் தண்ணீர் ஒரு டம்ளர் அளவு ஒழுகியது. அடிப்பக்கத்தில் துரு, கருப்பட்டித் தூள்போல இரண்டு கைப்பிடி. நம்பர் பிளேட் மாட்ட நான் போட்ட இரண்டு ஸ்குரூ ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போய், இரவுக் குளிரில் வியர்த்து, வெளியேற வழி தெரியாமல் அங்கேயே நின்றிருக்கிறது. அந்த இரண்டு ஓட்டையும் என் கையால் போட்டவை. அன்றிலிருந்து கடற்கரை வண்டிக்கு நான் மூடிய குழாய் போடுவதில்லை.

நான் சொல்வது திறந்த சேனல். 100-க்கு 50 மி.மீ. அளவு சி சேனல், புதுச் சரக்கு. மீட்டருக்கு ஒன்பதரை கிலோ வரும், 1.4 மீட்டர் நீளத்துக்குப் 13 கிலோ சுமார். அதன் முதுகு வெளியே பார்க்க, திறந்த வாய் வண்டியைப் பார்க்க வைக்க வேண்டும். அப்போது உள்பக்கம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும், கை போகும், பிரஷ் போகும், தண்ணீர் அடிக்கலாம். கீழ்ப் பட்டையில் மணல் தேங்கும் என்பதால் ஒரு சாணுக்கு ஒன்றாக 20 மி.மீ. ஓட்டை போட்டுவிடுங்கள். இரு முனையையும் 45 டிகிரி சாய்வாக வெட்டி 5 மி.மீ. தகட்டால் மூடுங்கள், ஓரத்தை உருட்டி விடுங்கள். ராமேஸ்வரம் சாலையில் ராத்திரி எத்தனை டூ வீலர் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். பின்னால் வந்து மோதுகிறவரின் முழங்காலுக்கு நேரே கூர்மூலை ஒன்று நிற்கக் கூடாது.

இப்போது கனத்துக்கு வருகிறேன். 8 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டருக்கு 63 கிலோ. நீங்கள் நினைக்கிற மாதிரி மடித்துச் செய்தால் 0.9 சதுர மீட்டராவது பிடிக்கும். தகடு மட்டும் 56 கிலோ. ஸ்டெப்னியும் அதன் கையும் கீலும் 45 கிலோ, நிறைந்த கேன் இரண்டும் 40 கிலோ என்று வையுங்கள். எல்லாம் சேர்ந்து 140 கிலோ. இது பின் ஆக்சிலுக்கு 90 செ.மீ. பின்னால் தொங்குகிறது. 140-ஐ 0.9-ஆல் பெருக்கி 2.3-ஆல் வகுத்தால் 55 வரும். அதாவது உங்கள் பம்பர் முன் சக்கரங்களிலிருந்து 55 கிலோவைத் தூக்கிவிடும், ஏற்றமரத்தின் ஒரு முனையில் ஏறி நின்றால் மறுமுனை எழும்புவது போல. மணலில் ஃபோர் வீல் போடுவதே முன் சக்கரமும் இழுக்கட்டும் என்றுதான். அதன் பிடிப்பை நீங்களே குறைத்துவிட்டு, பின் சக்கரத்தைக் கூடுதலாக மணலுக்குள் அழுத்துகிறீர்கள். நான் சொன்ன சேனல், அதைச் சேசிஸோடு பிணைக்கும் பிராக்கெட், கயிறு மாட்டி இழுக்க ஓட்டை போட்ட காது எல்லாம் சேர்ந்து 35 கிலோவுக்குள் முடிந்துவிடும்.

எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதையும் பாருங்கள். சக்கரம் மணலைத் தொடும் இடத்திலிருந்து பம்பரின் கீழ் விளிம்பு 80 செ.மீ. பின்னால், 50 செ.மீ. உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய 32 டிகிரி சரிவு வரை அடிபடாமல் இறங்கலாம். அழகுக்காகப் பத்து செ.மீ. கீழே இறக்கிவிட்டால் அது 27 டிகிரிக்கு வந்துவிடும். கரையிலிருந்து மேட்டில் ஏறும்போது பம்பர் ஏர்க்கொழு மாதிரி மணலை உழும்.

ஸ்டெப்னி பின் கதவில் தொங்கிக் கதவு வெடிக்கிறதா? அப்படியானால் உள்ளே, முன் சீட்டுக்குப் பின்னால், வீல் ஆர்ச்சை ஒட்டிக் கட்டிவிடுங்கள். சீமைக்கருவேல முள்ளில் ஓடும் வண்டிக்கு ஸ்டெப்னி அவசியம்தான், ஆனால் அது பம்பரில் தொங்கியாக வேண்டும் என்று எதுவும் இல்லை. திறந்து மூடும் கை வேண்டவே வேண்டும் என்றால் சாதாரண கேட் கீல் தாங்காது, 40 மி.மீ. ஷாஃப்டில் மேலும் கீழும் டேப்பர் பேரிங் வைத்து, கிரீஸ் நிப்பிள் போட்டு லேத்தில் கடைந்து செய்ய வேண்டும், மூடியபோது கையின் நுனி ஒரு தாங்கியில் உட்கார வேண்டும். அந்தக் காசுக்கு இரண்டு டயர் வாங்கலாம்.

எரிபொருள் கேனைப் பொறுத்தவரை எனக்கு இரண்டு பேச்சு இல்லை. பம்பரில் வேண்டாம். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ, பின்னால் ஒரு வேன் வந்து இடித்தால் முதலில் நசுங்குவது அந்தக் கேன்தான், அதன் பக்கத்திலேயே டெயில் லேம்ப் வயர் ஓடுகிறது. வண்டிக்குள், ஆக்சிலுக்கு முன்னால், நிமிர்த்தி இறுகக் கட்டிக் கொண்டுபோங்கள். பம்பரில் கேன் மாட்ட ஆசையாக இருந்தால் நல்ல தண்ணீர்க் கேன் ஒன்று மாட்டுங்கள். அது எதற்கு உதவும் என்று பின்னால் சொல்கிறேன்.

இழுக்கும் கொக்கி விஷயத்தில்தான் உயிர் இருக்கிறது. நடுவில் ஒரு கொக்கி என்கிறீர்கள். பம்பரின் நடுவில் இழுத்தால் முழு இழுப்பும் சேனலை வில்லாக வளைக்கும். இழுப்பு நேராகச் சேசிஸுக்குப் போக வேண்டும். அதனால் காது இரண்டு வையுங்கள், சேசிஸின் இரண்டு கட்டைக்கும் நேர் பின்னால். 20 மி.மீ. தகட்டில் காது வெட்டி, சேனலின் முதுகில் பொளி போட்டு உள்ளே நுழைத்து, வெளிப்பக்கமும் உள்பக்கமும் பற்றவைத்து, உள்நுனியைப் பிராக்கெட்டோடு சேர்த்துவிட வேண்டும். சேனலின் முதுகில் காதை மேலாக ஒட்டி வைப்பது வேறு, அதை ஊடுருவிப் பிராக்கெட்டில் போய் நிற்பது வேறு. முன்னதில் தையல் மட்டும்தான் பிடித்திருக்கிறது.

காதில் கயிற்றை மாட்டும் இரும்பு வளையமான ஷேக்கிள் 4.75 டன் என்று உடம்பிலேயே எழுத்து பொறித்ததாக வாங்குங்கள். அதன் குறுக்கே போகும் பின் (ஊசி) 22 மி.மீ., காதில் ஓட்டை 25 மி.மீ. போதும். படகில் கழற்றிப் போட்ட பழைய ஷேக்கிள் எத்தனை தடவை இழுபட்டது, எங்கே விரிந்தது என்று யாருக்கும் தெரியாது, அதை ஆளைச் சுற்றி வைத்து இழுக்காதீர்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு போட்டுப் புதைந்த வண்டியை இழுப்பதும் அப்படித்தான். அது டிரெய்லரைச் சீராக இழுத்துக்கொண்டு போகச் செய்தது, வெட்டி இழுக்கும் இழுப்புக்குச் செய்ததில்லை.

ஒருமுறை கரையில் ஒரு பிக்கப் மணலில் ஆக்சில் வரை புதைந்துவிட்டது. நைலான் கயிற்றைப் பம்பரின் மூலையில் சுற்றி, இன்னொரு வண்டியால் ஓடிவந்து வெட்டி இழுத்தார்கள். நைலான் ரப்பர்போல நீண்டு கொடுக்கும், நீளும்போது அத்தனை வலுவையும் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். பம்பரின் மூலைத் தகடு கிழிந்து, கயிற்றோடு பறந்துபோய் அறுபது அடி தள்ளி இருந்த பனைமரத்தில் குத்தி நின்றது. நான் போய்ப் பிடுங்கிப் பார்த்தேன், பனையின் உள்ளே ஒரு விரல் ஆழம் இறங்கியிருந்தது. வேடிக்கை பார்க்கக் கூடிய பிள்ளைகள் அந்த மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். அதிலிருந்து யார் கேட்டாலும் இரண்டு காது, நேர் இழுப்பு, ஆட்கள் கயிற்றின் நீளத்துக்கு மேல் தள்ளி என்று சொல்லித்தான் பம்பரைக் கொடுக்கிறேன். முதலில் டயரில் காற்றை 15 பவுண்டுக்கு இறக்கிப் பாருங்கள், பாதித் தடவை கயிறே வேண்டியிருக்காது. தார்ச்சாலை ஏறியதும் காற்றை நிரப்பிவிட்டு வேகம் எடுங்கள்.

பிராக்கெட் 8 மி.மீ. தகட்டில், சேசிஸை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்காவது முன்னால் ஓட வேண்டும். ஒவ்வொரு பக்கமும் மூன்று எம்12 போல்ட், 8.8 என்று தலையில் எழுதியது, ஒரே நேர்கோட்டில் இல்லாமல் மேலும் கீழுமாக. சேசிஸில் கம்பெனி போட்ட ஓட்டை இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் போட வேண்டியிருந்தால் நிற்கும் பக்கத்தில் மட்டும். மேல் பட்டையிலும் கீழ்ப் பட்டையிலும் கை வைக்க வேண்டாம், வளைவைத் தாங்குவது அவைதான். அந்த இடத்தில் சேசிஸ் பெட்டியாக இருந்தால் உள்ளே குழல் வைத்துத்தான் போல்ட் முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி நசுங்கும், போல்ட் தளரும். நடுவில் ரப்பர் ஷீட் வைக்கச் சொல்வார்கள். வைக்காதீர்கள். ரப்பர் அமுங்க அமுங்க போல்ட்டின் இறுக்கம் போகும், உப்புத் தண்ணீரும் அதற்குப் பின்னால் பதுங்கும். இரண்டு முகத்துக்கும் ஜிங்க் பிரைமர் அடித்துக் காயவிட்டு இரும்போடு இரும்பாக இறுக்குங்கள்.

மைத்துனர் சொன்ன எஸ்.எஸ்.: 304 வகையில் நம் காற்றுக்குப் புள்ளி புள்ளியாகத் துரு வரும். மாலிப்டினம் சேர்ந்த 316 நிற்கும், ஆனால் விலை மிஞ்சும். விலையைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. எஸ்.எஸ்.ஸும் சாதாரண இரும்பும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் சாதாரண இரும்பு தன்னைக் கொடுத்து எஸ்.எஸ்.ஸைக் காப்பாற்றும். பெரிய எஸ்.எஸ். பம்பரைச் சின்ன இரும்பு போல்ட் பிடித்திருந்தால் அரிப்பு முழுவதும் அந்தப் போல்ட்டின் மேல் விழும். பம்பர் கண்ணாடியாக மின்னும், போல்ட் உள்ளுக்குள் பென்சிலாகிவிடும். எஸ்.எஸ். போல்ட்டே போடலாம் என்றால், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 போல்ட் 8.8-ஐவிட வலுக்குறைவு. ஆக எம்.எஸ். (சாதாரண இரும்பு) சேனல், ஜிங்க் பூசிய 8.8 போல்ட்.

வெல்டிங்குக்கு 7018 ராடு கேளுங்கள். கேட் செய்கிற 6013 இழுப்பு விழும் இடத்துக்கு வேண்டாம். 7018-க்கு ஒரு நிபந்தனை உண்டு, அது ஈரம் குடிக்கக் கூடாது. நம் ஊரில் பாக்கெட்டைப் பிரித்துப் பலகையில் வைத்தால் மறுநாளே குடித்துவிடும். ஈர ராடில் போட்ட தையல் மேலே அழகாக இருக்கும், உள்ளே ஊசி ஓட்டையும் விரிசலும் இருக்கும். வெயிலில் காயவைத்தேன் என்பது போதாது, 300 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரமாவது வேண்டும். பட்டறையில் ராடு அடுப்பு இல்லையா? உங்கள் காசில் சீல் பிரிக்காத பாக்கெட் ஒன்று வாங்கிப் போய், காதும் பிராக்கெட்டும் அன்றைக்கே முடியும்படி கூட நில்லுங்கள். மிச்ச ராடைப் பட்டறைக்காரரே வைத்துக்கொள்ளட்டும். கேஸ் பாய்ச்சிப் பற்றவைக்கும் மிக் மெஷின் இருந்தால் நாலு சுவருக்குள் அடிக்கச் சொல்லுங்கள். கச்சான் காற்று வீசும் வெட்டவெளியில் கேஸ் பறந்துவிடும், தையல் பஞ்சாகிவிடும். வண்டியின் மேலேயே டாக் (பிடிப்புக்குச் சின்னப் பொட்டுத் தையல்) வைக்கிறார்கள் என்றால் பேட்டரி நெகட்டிவையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சரக்கைப் பற்றவைப்பதாக இருந்தால் பூச்சைத் தையலின் இரு பக்கமும் இரண்டு விரற்கடை தேய்த்து எடுத்துவிட்டே செய்ய வேண்டும். அந்த வெள்ளைப் புகையைப் பிடித்தவருக்கு ராத்திரியே குளிர்காய்ச்சல் வரும்.

எல்லாத் தையலும் முடிந்தபின் ஹாட் டிப் கால்வனைசிங்குக்கு அனுப்ப முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. 450 டிகிரி உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பார்கள். அதிலும் மூடிய குழாய் ஆபத்து, உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் தொட்டியிலேயே வெடிக்கும். திறந்த சேனலுக்கு அந்தப் பயம் இல்லை. போல்ட் ஓட்டையை மட்டும் ஒன்றரை மி.மீ. கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள், துத்தநாகம் அடைத்துக்கொள்ளும்.

அனுப்ப வசதி இல்லையென்றால் பெயின்ட். இதில்தான் நம் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். கிரைண்டரில் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கிவிட்டு உடனே பிரைமர் அடிக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாத உப்பு இரும்பின் மேலேயே இருக்கிறது. அந்த உப்பு பெயின்ட்டுக்குக் கீழே இருந்தபடியே ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கட்டும். தேய்த்து முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் சுடக் காயவைத்து, மறுபடி லேசாகத் தேய்த்து, அதே பகலில் எபாக்சி ஜிங்க் பிரைமர் அடியுங்கள். பங்குனி, சித்திரையில், காலை பத்துக்கும் பிற்பகல் மூன்றுக்கும் நடுவில். பனி இறங்கிய பிறகு பிரஷ்ஷைத் தொட வேண்டாம். விளிம்பு, தையல், ஓட்டையின் உள்வாய் இவற்றுக்கு முதலில் கையால் ஒரு பூச்சு தனியாகக் கொடுத்துவிட்டு முழுவதும் அடியுங்கள். பெயின்ட் கூர் விளிம்பை விட்டு விலகி ஓடும், துரு அங்கேதான் முதலில் முளைக்கும். அதற்கு மேல் எபாக்சி ஒன்று, வெயிலுக்குப் பாலியூரித்தேன் ஒன்று.

தண்ணீர்க் கேன் மாட்டச் சொன்னது இதற்குத்தான். நம் ஊரில் ஹோஸ் பிடித்து வண்டி கழுவும் அளவுக்கு நல்ல தண்ணீர் எந்த வீட்டிலும் இல்லை. பயிருக்கு மருந்தடிக்கும் கைத் தெளிப்பான், மருந்து படாத புதுசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கரையிலிருந்து ஏறியதும் பத்து லிட்டர் நல்ல தண்ணீரை ஊற்றி, சேனலின் உள்வாய், பிராக்கெட் இடுக்கு, ஸ்பிரிங் ஷேக்கிள், சேசிஸின் கடைசி இரண்டடி, இந்த நாலு இடத்துக்கு மட்டும் அழுத்தி அடியுங்கள். ஐந்து நிமிஷ வேலை. உப்பு காய்வதற்கு முன் செய்ய வேண்டும், வீட்டுக்குப் போய் நாளைக்கு என்றால் பலன் பாதிதான்.

ஆர்.டி.ஓ. கேள்விக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம், கிராஷ் கார்டு, புல் பார் எல்லாம் இந்தப் பிரிவுக்கு விரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் மாற்றம் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் பிரிவு 182ஏ-இன்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் வண்டி 15 வருஷம் தாண்டியது, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தியே ஆக வேண்டும். ஸ்டெப்னிக் கையும் கேனும் நீட்டிக்கொண்டு நிற்கும் 140 கிலோ பம்பர் அங்கே நிச்சயம் கேள்வியாகும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரரும் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

பழைய பம்பரின் அகலத்துக்குள், அதே இடத்தில், அதே உயரத்தில், போல்ட்டில் நிற்கும் ஒரு சேனல் என்றால் உங்கள் நிலைமை அதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் இரும்பை வெட்டுவதற்கு முன் ஒரு தாளில் படம் போட்டு, அளவு எழுதி, ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். அவர்கள் கூடாது என்றால் கூடாது. பழைய பம்பரின் அளவிலேயே நல்ல தகட்டில் மறுபடி செய்துகொள்ளுங்கள், இழுக்கும் காதைப் பம்பரில் தொடாமல் சேசிஸிலேயே தனியாகப் போல்ட் போட்டுக்கொள்ளலாமா என்று அதையும் அவர்களிடமே கேளுங்கள். விளக்கு, ரிஃப்ளெக்டர், நம்பர் பிளேட், அதற்கு மேல் எரியும் சின்ன விளக்கு எதையும் பம்பர் மறைக்கக் கூடாது. வண்டியின் பின் நீட்டல் வீல்பேஸில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு அது 1.38 மீட்டர், 90 செ.மீ.இல் நிற்கிறவரை கவலை இல்லை.

கையோடு வந்த பழைய பம்பரைக் காயலாங்கடையில் போட்டுவிடாதீர்கள். ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம், வளைவு, உயரம் எல்லாம் அதில் இருக்கிறது. அட்டையில் வைத்து வரைந்துகொண்டால் பிராக்கெட் ஒரே தடவையில் உட்காரும். முதலில் சுத்தியலை எடுங்கள். இரண்டு சேசிஸ் நுனியும், பின் குறுக்குச் சட்டமும், நடுவில் அளந்த நல்ல இடமும், ஆக நாலு கனத்தை எழுதி எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துப் பிராக்கெட் எவ்வளவு தூரம் முன்னால் ஓட வேண்டும் என்று சொல்கிறேன். அதுவரைக்கும் பட்டறையில் முன்பணம் கொடுக்க வேண்டாம், வள்ளம் இழுக்கவும் அந்த வண்டியை இறக்க வேண்டாம்.